அரிச்சுவடியிலிருந்து ரஷ்யம்

ரஷ்ய மொழி கடினமானது என்று யாராவது சொன்னால், அவர் எந்த மொழியின் வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் தூதரக அலுவலர்களுக்குப் பிற மொழிகளைக் கற்பித்து வருகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஒரு மொழியில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர்ச்சி பெற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைத் தன் அனுபவத்தைக் கொண்டு வகைப்படுத்தியும் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஸ்பானியமும் பிரெஞ்சும் எளியவை. ரஷ்யம் ஏறத்தாழ 44 வாரங்களும் 1,100 வகுப்பு மணி நேரமும் கேட்கும் கடின மொழிகளின் வரிசையில் இருக்கிறது. அதே வரிசையில்தான் தமிழும் இருக்கிறது. ஆங்கிலத்தின் வாசலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொலைவில் தெரிகின்றன என்றால், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை, அதைச் சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

முன்னறிவு எதுவும் தேவையில்லை என்ற நிபந்தனையோடு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழிப் பாடத்தில் சேர்ந்த எனக்கு இந்தக் கேள்வி முதல் பருவத்திலேயே முளைத்தது. பாடநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அது எதை விரிவாக விளக்க வேண்டும், எதை ஒரு வரியில் கடந்துவிடலாம், எதற்கு எச்சரிக்கைக் குறிப்புப் போட வேண்டும் என்பதையெல்லாம் ஆங்கிலம் பேசும் மாணவரை மனத்தில் வைத்தே தீர்மானித்திருந்தது. எனக்கு விளங்கிய இடங்களில் அது நீண்ட நேரம் நின்று விளக்கியது. நான் தடுமாறிய இடங்களில் வேகமாக நகர்ந்தது. ஆகவே இந்தக் கட்டுரை, தமிழில் யோசிக்கும் ஒருவருக்கு ரஷ்யத்தில் எது உண்மையிலேயே கடினம், எது பாடநூலால் மட்டுமே கடினமாக்கப்பட்டது என்பதைப் பற்றியது.

எழுத்துகளை முதலில் சொல்லிவிடலாம், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்களை மிரட்டுவது அவைதான். உள்ளே நுழைந்தபின் மிக விரைவில் மறந்துபோவதும் அவைதான். மொத்தம் 33 எழுத்துகள்: பத்து உயிர், இருபத்தொரு மெய், தமக்கென ஒலி இல்லாத வன்குறி, மென்குறி என்ற இரண்டு குறிகள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வடிவங்களைப் பிள்ளைப் பருவத்திலேயே எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய சுமையன்று. பேரரசர் முதலாம் பீட்டர் 1708 முதல் 1710 வரை தேவாலய எழுத்துகளை நீக்கி, லத்தீன் அச்செழுத்துகளின் சாயலில் புதிய வடிவங்களை அறிமுகப்படுத்தினார். 1918ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஒலியளவில் தேவையற்றுப்போன சில எழுத்துகளையும், சொல்லின் இறுதியில் வெறுமனே எழுதப்பட்டுவந்த வன்குறியையும் களைந்தது. அந்த லத்தீன் சாயல்தான் தொடக்கத்தில் சற்றுத் தொல்லை தருகிறது. லத்தீன் எழுத்துகளைப் போலவே தோற்றமளிக்கும் சில எழுத்துகள் வேறு ஒலிகளைத் தருகின்றன: ஆங்கிலத்தின் 'பி' (B) போன்ற பெரிய எழுத்து இங்கே 'வ', 'ஹெச்' போன்றது 'ன', 'சி' போன்றது 'ஸ'. சில நாட்களில் கண் பழகிவிடும்.

கையெழுத்துதான் வேறு கதை. எங்கள் ஆசிரியை அச்செழுத்துகளில் எழுதப்பட்ட வீட்டுப்பாடத்தை ஏற்கவே மாட்டார். ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதுபோலக் கூட்டெழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. கூட்டெழுத்தில் 'த' ஒலிக்கான எழுத்து லத்தீன் 'எம்' போலவும், 'இ' ஒலிக்கான எழுத்து லத்தீன் 'யூ' போலவும் மாறிவிடுகின்றன. 'ஷ', 'ல', 'ம', 'இ' எல்லாம் மேலும் கீழுமாகச் செல்லும் ஒரே வகைக் கோடுகளாகி, ஒரு சொல் எங்கே தொடங்கி எந்த எழுத்தில் திரும்புகிறது என்பதைக் கொக்கிகளை எண்ணித்தான் கண்டுகொள்ள முடியும். விசைப்பலகைக் காலத்தில் இது எதற்கு என்று வகுப்பில் பலரும் முணுமுணுத்தார்கள். ஆசிரியையின் பக்கமே நியாயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கையால் எழுதியபோது சொல்லின் ஈறு மனத்தில் பதிந்தது. இந்த மொழியில் பொருள் பெரும்பாலும் ஈற்றில்தான் குடியிருக்கிறது.

ஒலிகளுக்கு வருவோம். ரஷ்யத்தின் 'த' பல்லில் நாக்கு படும் ஒலி, நம் 'த'வைப் போலவே. ஆங்கிலம் பேசுபவர்கள் மேலண்ணத்தின் முன்பகுதியிலிருந்து நாக்கைக் கீழிறக்கிப் பழக வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலை மிச்சம். ஆங்கிலத்தின் வழியாக வந்த 'டால்ஸ்டாய்' என்ற எழுத்துக்கூட்டலில் உள்ள 'ட' ரஷ்யத்தில் இல்லை. அங்கே அந்தப் பெயர் ஏறத்தாழ 'தல்ஸ்தோய்', அழுத்தம் கடைசி அசையில். சொல்லின் இறுதியில், குரல்நாண் அதிர ஒலிக்கும் மெய் அதிராத மெய்யாகிவிடும், அடுத்து வரும் மெய்யைப் பொறுத்து முன்னுள்ள மெய் தன் தன்மையை மாற்றிக்கொள்ளும் என்ற விதியும் பாடநூலில் பக்கக் கணக்கில் விளக்கப்பட்டிருந்தது. ரயில் நிலையத்துக்கான 'வக்ஸால்' என்ற சொல்லில் எழுதப்படுவது 'க'வின் அதிராத ஒலி, உச்சரிக்கப்படுவது அதிரும் ஒலி. 'பகல்', 'பங்கு', 'பக்கம்' என்ற மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதி, இடத்தைப் பார்த்து வெவ்வேறாக ஒலிப்பவர்களுக்கு, எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பது விளக்கம் வேண்டாத செய்தி. எதிர்ப்பக்கத்தில், சொல்லின் தொடக்கத்தில் இந்த வேறுபாடு ரஷ்யத்தில் பொருளையே மாற்றிவிடும். வீடு என்பதும், ஒரு நூலின் தொகுதி என்பதும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தோம்'தான். அங்கே அவை இரு வேறு சொற்கள்.

மென்மெய், வன்மெய் என்ற பாகுபாடு இதைவிட நுட்பமானது. பெரும்பாலான மெய்களுக்கு ரஷ்யத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. மெல்லியதை ஒலிக்க நாக்கின் நடுப்பகுதி யகரத்தை உச்சரிப்பதுபோல மேலெழ வேண்டும். மூலை என்பது 'ஊகல்'. நிலக்கரி என்பதும் 'ஊகல்', ஆனால் கடைசி லகரம் மெல்லியது. ல, ள, ழ என்று மூன்றைப் பிரித்துக் கேட்கும் செவி இதையும் பிரித்துக் கேட்கும் என்று நான் முதலில் கருதினேன். செவி கேட்டது, நாக்குத்தான் பல மாதங்கள் இணங்கவில்லை.

ஆனால் ஒலியைப் பொறுத்தவரை உண்மையான மலை அழுத்தம்தான். ஒரு ரஷ்யச் சொல்லில் ஓர் அசை மட்டும் அழுத்தமாக, நீண்டு ஒலிக்கும். அது எந்த அசை என்பதைச் சொல்லைப் பார்த்து அறிய வழியில்லை, அச்சிலும் அது குறிக்கப்படுவதில்லை. பாடநூல்களிலும் சிறுவர் நூல்களிலும் அகராதிகளிலும் மட்டுமே மேலே ஒரு சிறு கோடு இருக்கும். 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. அழுத்தம் இல்லாத 'ஓ' ஏறத்தாழ 'அ' ஆகிவிடுவதால், அழுத்தம் தெரியாவிட்டால் உயிரொலியும் தெரியாது. அதோடு நில்லாமல், ஒரே சொல்லின் வேற்றுமை வடிவங்களுக்குள்ளேயே அழுத்தம் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவும். மொழியியலாளர் அந்திரேய் ஸலிஸ்ன்யாக் 1977இல் வெளியிட்ட இலக்கண அகராதி, ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்களுக்கும் அவை எப்படித் திரிகின்றன, அழுத்தம் எந்தப் படிவத்தில் நகர்கிறது என்பதைக் குறியீடுகளால் காட்டுகிறது. சொற்களை அது முதலெழுத்தைக் கொண்டன்றிக் கடைசி எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது. ஒரு மொழியின் அகராதியை இறுதியிலிருந்து திருப்பி அடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த மொழியைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால், நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்கிறோம். அப்படிச் சொல்லப்படும் ரஷ்யம் ரஷ்யர்களுக்குப் புரியாமல் போகலாம். இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் எதிரில் இருப்பவரைச் சென்று சேராத அனுபவம் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் உண்டு, காரணம் பெரும்பாலும் இதுதான். இடையில் ஒன்று: தமிழ் மொழிபெயர்ப்புகளில் நிலைத்துவிட்ட 'தஸ்தயேவ்ஸ்கி' என்ற எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தின் 'டோஸ்டோ' என்ற தொடக்கத்தைவிட ரஷ்ய உச்சரிப்புக்கு மிக அருகில் இருக்கிறது, அழுத்தமில்லாத இரண்டு 'ஓ'க்களும் அங்கே 'அ' ஆகத்தான் ஒலிக்கின்றன. மாறாக 'கோர்பசேவ்' என்று நாம் எழுதுவது, அச்சில் 'யோ' என்ற எழுத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை விட்டுவிடும் வழக்கத்தால் உலகெங்கும் பரவிய வடிவம். அவர் பெயரின் இறுதி அசை 'சோஃப்' என்று ஒலிக்கும்.

இனி இலக்கணம். ஆங்கிலப் பாடநூலின் முன்னுரை, ரஷ்யத்தில் ஆறு வேற்றுமைகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, மாணவர் அஞ்ச வேண்டாம் என்று ஆறுதலும் கூறியது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு இந்த ஆறுதல் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். பெயரின் ஈறு அதன் வேலையைச் சொல்லிவிடுவதால் சொற்களை முன்பின்னாக மாற்றலாம், மாற்றினால் பொருள் மாறாது, அழுத்தம்கொடுக்கும் இடம் மட்டுமே மாறும் என்பதை எங்கள் வகுப்பு ஒரு வாரம் முழுக்கப் படித்தது. 'பேனாவால் எழுதுகிறேன்' என்பதில் ஆல் உருபு செய்வதை 'பிஷூ ரூச்கய்' என்பதில் 'ஒய்' ஈறு செய்கிறது; முன்னிடைச்சொல் எதுவும் வேண்டாம். 'நான் மாணவன்' என்பதற்கு 'யா ஸ்துத்யேன்த்' போதும், இடையில் 'இருக்கிறேன்' வேண்டாம். ஆங்கிலத்தின் 'எ', 'தி' போலப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் சுட்டு இடைச்சொற்களும் இல்லை. 'நீ'யும் 'நீங்க'ளும் இருக்கின்றன. யாரை எப்படி அழைப்பது என்று யோசிக்கும் பழக்கமும் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

நான்காம் வேற்றுமையில்தான் எனக்கு முதன்முதலில் உறைத்தது. ஆசிரியை கரும்பலகையில் 'ம்னே ஹோலத்ன' என்று எழுதி, 'எனக்குக் குளிராக இருக்கிறது' என்ற பொருளைச் சொன்னதும், குளிர்பவர் ஏன் எழுவாயாக இல்லை, 'எனக்கு' என்பது எங்கிருந்து வந்தது என்று கேள்விகள் கிளம்பின. அவர் பொறுமையாக, உணர்வு ஒருவரால் செய்யப்படுவதன்று, ஒருவருக்கு நேர்வது என்று விளக்கினார். எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. 'ம்னே ந்ராவித்ஸா' என்றால் எனக்குப் பிடிக்கிறது. 'ம்னே த்வாத்ஸத் ல்யெத்' என்றால் எனக்கு இருபது வயது. எனக்கு வேண்டும், எனக்குச் சலிப்பாக இருக்கிறது, எனக்குக் கடினம் எல்லாம் இதே அச்சில்தான். என்னிடம் புத்தகம் இருக்கிறது என்பதற்கும் உடைமை வினை கிடையாது: 'ஊ மின்யா யேஸ்த் க்னீகா', அதாவது என்னிடம் இருக்கிறது புத்தகம். 'இல்லை' என்ற நம் சொல் மறுப்புக்கும் இன்மைக்கும் ஒன்றாகவே பயன்படுவதுபோல 'ந்யெத்' என்பதும் இரண்டையும் செய்கிறது. 'இல்லை, புத்தகம் இல்லை' என்பதை அப்படியே 'ந்யெத், க்னீகி ந்யெத்' என்று சொல்லலாம். இல்லாத பொருள் ஆறாம் வேற்றுமையை ஒத்த வடிவத்தை ஏற்க வேண்டும் என்பது மட்டுமே புதிது.

இந்த ஒற்றுமை எல்லா இடங்களிலும் கைகொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'எனக்குத் தெரியும்' என்பதில் அறிபவர் நமக்கு நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; ரஷ்யத்தில் அவர் எழுவாயாகத்தான் நிற்கிறார். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது அங்கே 'என்னிடம் தலை வலிக்கிறது' என்பதுபோல அமைகிறது. தமிழை நம்பி நடந்தால் பத்தில் சில இடங்களில் கால் தவறும். ஆங்கிலத்தை நம்பி நடப்பதோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத்தக்க இழப்பன்று.

என்னைக் கூடுதலாக வியக்கவைத்தவை சிறு இடைச்சொற்கள். 'க்தோ-த', 'க்தோ-நிபூத்' என்ற இரண்டும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே சொல்லாக மொழிபெயர்க்கப்படுவதால், பாடநூல் அவற்றை வேறுபடுத்த மூன்று பக்கப் பயிற்சிகளைக் கொடுத்திருந்தது: முதலாவது, இருப்பது உறுதி ஆனால் யாரென்று தெரியாத ஒருவர், இரண்டாவது, இன்னார் என்றில்லாமல் எவராக இருந்தாலும் சரி. எனக்கு அது ஒரே வரிதான்: யாரோ, யாராவது. 'யாரோ வந்தார்', 'யாராவது வந்தார்களா?' எங்கே, எப்போது, என்ன என்ற கேள்விச் சொற்கள் எல்லாவற்றோடும் இந்த இரட்டை அப்படியே பொருந்திவருகிறது: எங்கோ, எங்காவது, எப்போதோ, எப்போதாவது. ஆகார வினாவைப் போல வினவும் 'லி' என்ற இடைச்சொல்லும், கேட்கப்படும் சொல்லை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்பதில் எதிர்மறை வினைமுற்றில் இருந்தே தீர வேண்டியதுபோல ரஷ்யத்திலும் வினை எதிர்மறையாகவே இருந்தாக வேண்டும்.

உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டை நினைவூட்டும் ஒன்றும் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம், 'தம்பி பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'தம்பியை' என்றே சொல்ல வேண்டும். ரஷ்யத்தில் ஆண்பாற் பெயர்களில் உயிரற்றவை செயப்படுபொருளாகும்போது வடிவம் மாறுவதில்லை, உயிருள்ளவை மாறுகின்றன. விலங்குகளும் உயிருள்ளவற்றோடு சேர்ந்துவிடுகின்றன என்பதோடு வினோதங்கள் தொடங்குகின்றன. சதுரங்கத்தில் வெட்டப்படும் குதிரையும் ராணியும் இலக்கணத்தில் உயிருள்ளவை, பொம்மையும் உயிருள்ளது. இறந்தவரைக் குறிக்கும் ஒரு சொல் உயிருள்ளதாகத் திரிகிறது, பிணம் என்ற சொல் உயிரற்றதாகத் திரிகிறது.

பாலில் தமிழ் நமக்கு உதவாது, தடையாகவே நிற்கும். நமக்குப் பால் பொருளைப் பின்தொடர்வது. அவர்களுக்கு அது பெரும்பாலும் ஈற்றைப் பின்தொடர்வது. மேசை ஆண், புத்தகம் பெண், சன்னல் இரண்டுமற்றது. பெயரடையும் அதன் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும். இறந்தகால வினையில் இன்னொரு புதுமை: நிகழ்காலத்தில் நம் வினைமுற்றைப் போலவே இடத்தைக் காட்டும் ஈறுகளைக் கொண்ட வினை, இறந்தகாலத்தில் இடத்தை மறந்துவிட்டுப் பாலைக் காட்டத் தொடங்குகிறது. 'நான் படித்தேன்' என்பதை ஆண் 'யா ச்சிதால்' என்றும் பெண் 'யா ச்சிதாலா' என்றும் சொல்ல வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது: இந்த வடிவம் முன்பு துணைவினையோடு வந்த ஒரு எச்ச வடிவம், துணைவினை உதிர்ந்தபின் எச்சம் மட்டும் பெயரடையின் குணத்தோடு நின்றுவிட்டது. இதை முதலாண்டிலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதியாகக் கற்றவற்றைவிடக் காரணத்தோடு கற்றவை நீண்ட நாள் தங்குகின்றன என்பது என் அனுபவம்.

எண்ணுப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அவை மனப்பாடம்தான். ஒன்றுக்குப் பின் பெயர் எழுவாய் வடிவில், இரண்டு முதல் நான்கு வரை ஆறாம் வேற்றுமை ஒருமையில், ஐந்து முதல் இருபது வரை ஆறாம் வேற்றுமைப் பன்மையில், இருபத்தொன்றில் மீண்டும் ஒருமை எழுவாய். ஓராண்டு 'கோத்', ஈராண்டு 'கோத', ஐந்தாண்டு என்றதும் சொல்லே மாறி 'ல்யெத்'. பழைய ஸ்லாவிய மொழிகளில் இருந்த இருமை எண்ணின் எச்சம் இரண்டோடு ஒட்டிக்கொண்டு, மூன்றுக்கும் நான்குக்கும் பரவியதால் வந்த வினை இது.

வினைகளில்தான் இந்த மொழியின் உயிர் இருக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு செயலுக்கும் ரஷ்யத்தில் இரண்டு வினைகள் உண்டு: செயலை அதன் ஓட்டத்தில், அல்லது திரும்பத் திரும்ப நிகழ்வதாக, அல்லது நிகழ்ந்தது என்ற அளவில் மட்டும் காட்டும் நிறைவுறா வினை, செயலை முழுமையாக, ஒரு முடிவை எட்டியதாகக் காட்டும் நிறைவு வினை. 'பிஸால்' என்றால் எழுதினான், எழுதிக்கொண்டிருந்தான். 'நபிஸால்' என்றால் எழுதிவிட்டான், எழுதி முடித்தான். நம் 'விடு' என்ற துணைவினை இங்கே ஒரு நல்ல கைவிளக்கு. 'கடிதம் எழுதினாயா?' என்பதற்கும் 'கடிதம் எழுதிவிட்டாயா?' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்பவருக்கு இந்தப் பாகுபாட்டின் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் தமிழில் 'விடு' சேர்ப்பது பேசுபவரின் விருப்பம். சேர்க்காத வினை எதையும் மறுப்பதில்லை. ரஷ்யத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும், நிறைவு வினையைத் தவிர்த்ததும் ஒரு செய்தியாகிவிடும். நிறைவு வினைக்கு நிகழ்காலம் கிடையாது, அதன் நிகழ்கால வடிவம் எதிர்காலத்தைத்தான் குறிக்கும் என்பது தர்க்கப்படி சரி. முழுமையடைந்த ஒன்று இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்க முடியாது.

மாணவர்களுக்கு இதை மறக்கமுடியாதபடி கற்பிப்பது தேர்வு பற்றிய வினைதான். 'ஸ்தவால்' என்றால் தேர்வு எழுதினான். 'ஸ்தால்' என்றால் தேர்ச்சி பெற்றான். முயற்சிக்கும் முடிவுக்கும் இடையே ஓர் அசைதான் இடைவெளி. எங்கள் துறையின் வாய்மொழித் தேர்வு ரஷ்ய வழக்கப்படியே நடந்தது: மேசைமேல் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அதிலுள்ள கேள்விகளுக்குச் சற்று நேரம் தயார்செய்துகொண்டு பேச வேண்டும். தேர்வுக்குச் செல்பவரிடம் 'நி பூஹா நி பிரா', அதாவது தூவியும் வேண்டாம் இறகும் வேண்டாம், என்று சொல்வார்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து வந்த வாழ்த்து அது. நல்லதை நேராகச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பதால் தலைகீழாகச் சொல்லப்படுவது. 'சாத்தானிடம் போ' என்பதே அதற்குரிய மறுமொழி. நன்றி சொல்லக் கூடாது. ஆசிரியையிடமே இதைச் சொல்ல வேண்டியிருந்தபோது வகுப்பு முழுவதும் தயங்கி நின்றது.

இடப்பெயர்ச்சி வினைகளை எங்கள் பாடத்திட்டம் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளியிருந்தது. 'போ' என்ற பொதுவினை ரஷ்யத்தில் இல்லை. நடந்து போவது ஒரு வினை, வண்டியில் போவது இன்னொரு வினை. அவற்றுக்குள்ளும் ஒரு திசையில் ஒருமுறை போவது ஒன்று, போய்வருவது அல்லது வழக்கமாகப் போவது மற்றொன்று. இவற்றின் முன்னால் ஒட்டும் முன்னொட்டுகள் உள்ளே, வெளியே, கடந்து, வழியில் எட்டிப்பார்த்து, சென்றடைந்து என்று திசைகளைச் சேர்க்கின்றன. 'ப்ரிஷோல்' என்றால் வந்திருக்கிறான், இன்னும் இங்கே இருக்கிறான். 'ப்ரிஹதீல்' என்றால் வந்தான், போயும்விட்டான். நமக்கோ போவதும் வருவதும் வேறு வேறு வினைகள். பேசுபவர் நிற்கும் இடமே அவற்றைப் பிரிக்கிறது. ரஷ்யத்தில் 'இங்கே வா' என்பதற்கு, நடந்து செல்வதற்கான அதே வினையோடு 'இங்கே' என்ற சொல்லைச் சேர்த்து 'இதீ ஸ்யுதா' என்கிறார்கள். மழை பெய்வதற்கும், கடிகாரம் ஓடுவதற்கும், திரைப்படம் ஓடுவதற்கும்கூட அந்த நடக்கும் வினையே போதும்.

சொற்களஞ்சியத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டவருக்கான ரஷ்ய அரசுத் தேர்வு முறை தொடக்க நிலைக்கு 780 சொற்களையும், அடிப்படை நிலைக்கு 1,300 சொற்களையும், ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு அடிப்படையான முதல் சான்றிதழ் நிலைக்கு 2,300 சொற்களையும் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. தமிழில் புழங்கும் வடசொற்கள் சிறிது உதவுகின்றன. நெருப்புக்கு 'அகோன்' என்பதைக் கேட்டால் அக்னி நினைவுக்கு வரும். கதவுக்கு 'த்வேர்' என்றால் துவாரம். ஒளிக்கு 'ஸ்வெத்' என்றால் சுவேதம். புதியதற்கு 'நோவய்' என்றால் நவம். இவை ஒரே மூதாதை மொழியிலிருந்து இருவழியாக இறங்கிய சொற்கள். இதைப் பார்த்ததும் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று முடிவுகட்டிவிடும் உற்சாகிகளை நான் வகுப்பிலும் வெளியிலும் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு வாதிடுவதை நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டில், உயர்நிலைப் பாடம் என்ற தலைப்பின்கீழ், ரஷ்யத்தின் எச்சங்கள் வந்தன. 'லிஷாஷ்ஷயா ந ஸ்தல்யே க்னீகா': கிடக்கிற, மேசைமேல், புத்தகம். ஆங்கிலத்தில் புத்தகத்தைச் சொல்லிவிட்டுப் பின்னால் வால்போலத் தொடர வேண்டிய இந்த விவரம், ரஷ்யத்தின் எழுத்து நடையில் நம் பெயரெச்சத்தைப் போலவே பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. 'ப்ரச்சிதாஃப்' என்றால் படித்துவிட்டு. அதன் எழுவாயும் முடிக்கும் வினையின் எழுவாயும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற விதியை நாம் 'செய்து' என்னும் வாய்பாட்டோடு படித்திருக்கிறோம். பேச்சில் அரிதாக வருவதால்தான் இவற்றைக் கடைசியில் வைக்கிறார்கள் என்பது ஆசிரியையின் விளக்கம், அது நியாயமானதே. ஆனாலும் செய்தித்தாளையும் கட்டுரைகளையும் திறந்தால் வரிக்கு வரி எதிர்ப்படும் ஒரு வடிவத்தை ஈராண்டுகள் மறைத்து வைத்ததால், எளிதாக வாசித்திருக்கக்கூடிய பல பக்கங்கள் எங்களுக்கு அடைத்தே கிடந்தன.

தமிழர்களுக்கென ஒரு ரஷ்யப் பாடநூல் எழுதப்பட்டால், அதன் வரிசை வேறாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 'எனக்கு', 'என்னிடம்', 'இல்லை' மூன்றும் முதல் பாடங்களிலேயே வரலாம். யாரோ, யாராவது என்பதற்கு ஒரு பக்கம் போதும். எச்சங்களை முதலாண்டின் இறுதியில் வாசிப்புக்காக மட்டுமாவது அறிமுகப்படுத்திவிடலாம். இவ்வாறு மிச்சமாகும் வகுப்பு நேரத்தை அழுத்தத்துக்குக் கொடுக்க வேண்டும்: ஒவ்வொரு புதுச்சொல்லும் அதன் எல்லா வேற்றுமைகளிலும் உரக்கச் சொல்லப்பட வேண்டும், தாளில் எழுதிக் காட்டுவது கணக்கில் வரக் கூடாது. பாலும் எண்ணும் நாள்தோறும் கொஞ்சமாக வர வேண்டும். மீதி முழுவதும் வினைகளுக்கு, அதிலும் ஏவல் வடிவத்துக்கு. வீட்டுக்கு வந்தவரிடம் 'உட்காருங்கள்' என்று நிறைவுறா வினையால் 'ஸதீத்யெஸ்' என்று சொன்னால் அது உபசரிப்பு. அதையே நிறைவு வினையால் 'ஸ்யாத்யெ' என்று சொன்னால் கட்டளையின் சாயல் ஏறிவிடுகிறது. எதிர்மறை ஏவலில் இதற்கு நேர்மாறாக, நிறைவுறா வினை தடை விதிக்கிறது. நிறைவு வினையோ 'விழுந்துவிடாதே' என்பதுபோலத் தற்செயலாக நேரக்கூடியதைக் குறித்து எச்சரிக்கிறது. இதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நேரான பிடிமானம் இல்லை. பட்டம் பெற்ற பிறகும் ரஷ்யர்கள் ஒருவரையொருவர் உட்காரச் சொல்வதையும் நில் என்பதையும் கவனித்துக் கேட்டுத்தான் இதை நான் திருத்திக்கொண்டு வருகிறேன்.